தென்பெண்ணையில் டிரவுட் ஏன் இல்லை?

வீடூர் அணைக்கரையில் ஒரு சித்திரை மாதக் காலை. தூண்டிலும் மண்புழு டப்பாவுமாக வந்த பெரியவர் ஒருவர் கரையோரம் குந்தினார். தூண்டிலை எடுக்கவில்லை. வலது கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு கையை உதறிக்கொண்டு எழுந்து, வந்த வழியே நடந்தார்.

“ஏன் தாத்தா, மீன் புடிக்கலையா?” என்று கூட வந்த பேரன் கேட்டான்.

“தண்ணி வெதவெதன்னு கெடக்குது. மீனு இரை எடுக்காது. ராத்திரி மழ பேஞ்சா நாளைக்குப் பாப்பம், வா.”

அமெரிக்காவிலோ ஸ்காட்லாந்திலோ ஒரு மலையாற்றங்கரையில் மீன்பிடிக்க நிற்பவரும் முதலில் இதைத்தான் செய்வார். அவர் கைக்குப் பதிலாகத் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விடுவார், அவ்வளவுதான் வேறுபாடு. அவர் தேடுவது டிரவுட் என்ற மீனை. தண்ணீரின் சூடு 20 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் அங்கே பல தூண்டில்காரர்கள் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தச் சூட்டில் டிரவுட்டைப் பிடித்துத் திரும்ப ஆற்றில் விட்டாலும் அது பிழைப்பது கடினம்.

நம் ஊரில் காய்கறி விலை நிலவரம் கேட்பதுபோல, அணையின் நீர்மட்டம் கேட்பதுபோல, அவர்கள் நாள்தோறும் ‘ஆற்று நிலவரம்’ கேட்பார்கள். தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது? கலங்கலா, தெளிவா? எவ்வளவு குளிர்ச்சி? என்ன பூச்சி பறக்கிறது? இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால் மீன் எங்கே நிற்கும், என்ன தின்னும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருக்கிற நாம் நம் ஆற்றிடமும் ஏரியிடமும் இதே கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போமா?

பூச்சியை ஏன் கேட்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிரவுட் பிடிப்பவர்களில் பலர் மண்புழு கோப்பதில்லை. தூண்டில் முள்ளின்மேல் நூலும் இறகும் சுற்றி, பார்ப்பதற்குப் பூச்சிபோலவே ஒன்றைக் கட்டுகிறார்கள். இதற்கு ஃப்ளை ஃபிஷிங் என்று பெயர். நாம் பொய்ப்பூச்சித் தூண்டில் என்று சொல்லிக்கொள்ளலாம். சேவலின் கழுத்து இறகு அந்தப் பூச்சிக்குக் காலாகும். மயிலிறகின் பச்சை இழை உடலாகும். நம் ஊரிலும் தூண்டிலுக்கு மயிலிறகு வேண்டும், ஆனால் நாம் எடுத்துக்கொள்வது அதன் தண்டை. வெட்டி, தக்கையாகக் கட்டி மிதக்க விடுகிறோம். ஒரே இறகு, இரண்டு நாட்டுத் தூண்டிலிலும்!

நம் தூண்டிலில் ஈயக்குண்டு இருக்கும். வீசும்போது அந்த எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். பொய்ப்பூச்சிக்கோ எடையே கிடையாது. அதைத் தனியாக வீசினால் காலடியிலேயே விழும். அதனால் நரம்பையே கனமாகச் செய்துவிட்டார்கள். நுனிப்பக்கம் மெலிந்து வரும் அந்த நரம்பைச் சாட்டை சொடுக்குவதுபோல் தலைக்கு மேல் வீசுகிறார்கள். நரம்பு வளைந்து சுருண்டு முன்னால் ஓடி, பூச்சியைத் தண்ணீர்மேல் மெல்ல இறக்கிவிடுகிறது. இறகு நனையாமல் இருக்கும்வரை அது மிதக்கும். தண்ணீரின் மேற்பரப்பு ஒரு மெல்லிய தோல்போல இழுபட்டு நிற்பதால் இது நடக்கிறது. கிணற்றுத் தண்ணீர்மேல் நீண்ட கால்களை ஊன்றி ஓடும் பூச்சியைப் பார்த்திருப்பீர்களே, அதைத் தாங்குவதும் அந்தத் ‘தோல்’தான்.

மேஃப்ளை என்று ஒரு பூச்சி உண்டு. பல மாதம், சில வகைகளில் ஓராண்டுக்கு மேலும், ஆற்றுக் கல்லுக்கடியில் இளம்பூச்சியாக வாழும். பிறகு ஒரு நாள் ஆயிரக்கணக்கில் ஒன்றாக மேலே வந்து சிறகு விரிக்கும். மழை விட்டதும் நம் ஊரில் ஈசல் கிளம்புகிறதே, அந்த மாதிரி. சிறகு வந்த மேஃப்ளைக்குச் சாப்பிட வாய் வேலை செய்யாது. சில மணி நேரமோ ஓரிரு நாளோதான் அதற்கு ஆயுள். அதற்குள் இணை சேர்ந்து, தண்ணீரில் முட்டையிட்டு, இறந்துவிடும். அந்த வேளையில் டிரவுட்டுக்கு விருந்து. எந்தப் பூச்சி பறக்கிறதோ அதே நிறம், அதே அளவில் பொய்ப்பூச்சியைக் கட்ட வேண்டும் என்பதால்தான் அந்தக் கேள்வி.

விழுப்புரத்துப் பிள்ளைகளுக்கு இது முழுக்கப் புதிதல்ல. ஏரிக்கரையில் அண்ணன்மார் ரப்பர் தவளையைக் கட்டி அல்லி இலைகளுக்கு நடுவே வீசி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். உண்மைத் தவளை என்று நம்பி விரால் பாய்ந்து கவ்வும். அங்கே பொய்ப்பூச்சி, இங்கே பொய்த்தவளை.

சரி, டிரவுட் ஏன் நம் ஆற்றில் இல்லை? அதற்குக் கோலி சோடாவிடம் போக வேண்டும்.

ஐஸ்பெட்டியில் இருந்து எடுத்த சோடாவைத் திறந்தால் குமிழி நிதானமாக வரும். நாக்கில் நெடுநேரம் சுருசுருக்கும். வெயிலில் கிடந்த சோடாவைத் திறந்தால் புஸ்ஸென்று பொங்கி, கொஞ்ச நேரத்தில் வெறும் தண்ணீராகிவிடும். குளிர்ந்த தண்ணீர் வாயுவைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும். சூடான தண்ணீருக்கு அது முடியாது. சோடாவில் இருப்பது கரியமில வாயு. மீன் சுவாசிக்கும் ஆக்சிஜனும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான்.

கணக்கைப் பாருங்கள். கடல்மட்டத்து ஊரில், 10 டிகிரி குளிர்ச்சியான ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். அதே தண்ணீர் 30 டிகிரிக்குச் சூடானால் ஏழரை மில்லிகிராம்தான் தங்கும். மே மாத மதியத்தில் நம் ஏரியின் ஓரத் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். கொடுமை என்னவென்றால், தண்ணீர் சூடாகும்போது மீனின் உடம்பும் சூடாகும். உடல் வேலைகள் வேகமாக நடக்கும். அப்போது அதற்கு இன்னும் அதிக ஆக்சிஜன் தேவை. இருப்பு குறையும் நேரத்தில் செலவு கூடுகிறது. 25 டிகிரிக்கு மேல் போனால் டிரவுட் தாங்காது. நம் ஆற்றில் கொண்டுவந்து விட்டால் ஒரு கோடையைக்கூட அது பார்க்காது.

தண்ணீருக்குள் காற்று இருக்கிறது என்பதையே நம்ப முடியவில்லையா? ஒரு கண்ணாடி டம்ளரில் பானைத் தண்ணீரை நிரப்பி வெயிலில் வையுங்கள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் கண்ணாடியின் உட்புறம் பொடிப்பொடியாகக் குமிழிகள் ஒட்டியிருக்கும். சூடேறிய தண்ணீர் வெளியே தள்ளிய காற்று அது.

இவ்வளவு குறைந்த ஆக்சிஜனை மீன் எப்படிப் பிடிக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். ஒரு லிட்டர் காற்றில் 200 மில்லிலிட்டருக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது. நம் ஏரித் தண்ணீர் ஒரு லிட்டரில் 5 மில்லிலிட்டர் இருந்தால் பெரிது. நாற்பதில் ஒரு பங்கு! செவுளில் நடக்கிற ஒரு தந்திரம்தான் மீனைக் காப்பாற்றுகிறது. அதை விளையாடிப் பார்க்கலாம்.

பத்துப் பிள்ளைகள் கையில் பத்துப் பத்துக் கோலிக்குண்டு கொடுங்கள். அவர்கள் தண்ணீர். இன்னும் பத்துப் பேர் வெறுங்கையோடு நிற்கட்டும். அவர்கள் இரத்தம். எதிரில் நிற்பவரைவிட யாரிடம் அதிகம் இருக்கிறதோ அவர் கொடுக்க வேண்டும், இதுதான் விதி. இரண்டு வரிசையும் ஒரே திசையில் ஜோடி ஜோடியாக நடந்தால், ஆளுக்கு 5 ஆனதும் கொடுக்கல் வாங்கல் நின்றுவிடும். பாதி தண்ணீரோடே போய்விட்டது. இப்போது இரண்டு வரிசையும் எதிரெதிர்த் திசையில் நடக்கட்டும். வரிசையைக் கடந்து முடிக்கப் போகிற இரத்தப் பிள்ளை கையில் 8 குண்டு இருக்கும். ஆனால் அவன் எதிரில் வருவது அப்போதுதான் உள்ளே நுழையும் தண்ணீர்ப் பிள்ளை, கையில் 10 குண்டோடு. இன்னும் ஒன்று கிடைக்கும். மறுமுனையில், கையில் இரண்டே குண்டோடு வெளியேறப் போகும் தண்ணீர்ப் பிள்ளையின் எதிரில் வருவது வெறுங்கைப் பிள்ளை. அந்த இரண்டிலும் ஒன்று போய்விடும். இப்படித்தான் மீனின் செவுளில் தண்ணீர் ஒரு பக்கமாகவும் இரத்தம் எதிர்ப் பக்கமாகவும் ஓடுகின்றன. தண்ணீரில் உள்ள ஆக்சிஜனில் நூற்றுக்கு 80 பங்கு வரை மீன் எடுத்துக்கொள்ள முடியும். நம் நுரையீரல் உள்ளே இழுத்த ஆக்சிஜனில் கால் பங்கைத்தான் எடுக்கிறது!

டிரவுட் தமிழ்நாட்டிலேயே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நீலகிரியில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் காற்று ஏறக்குறைய ஆறரை டிகிரி குளிரும். விழுப்புரம் கடல்மட்டத்திலிருந்து 50 மீட்டர் உயரம்கூட இல்லை. ஊட்டியை ஒட்டிய அவலாஞ்சி 2,000 மீட்டருக்கு மேல். கணக்குப் போட்டால் நம்மைவிட 13 டிகிரி குளிர்ச்சி. அவ்வளவு உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் கொஞ்சம் குறையும்தான். ஆனாலும் பாறையில் மோதி நுரைத்து ஓடும் குளிர்ந்த ஓடை டிரவுட்டுக்குப் போதும்.

அந்த மீன் நீலகிரிக்கு உரியதல்ல. ஆங்கிலேயர் தங்கள் விளையாட்டுக்காகக் கொண்டுவந்தது. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஃபிரான்சிஸ் டே, 1863இல் முயன்று பார்த்தார். பலிக்கவில்லை. இந்திய மீன்களைப் பற்றிப் படங்களோடு பெரிய நூல் எழுதியவர் இவர்தான். நீராவிக் கப்பலிலும் பாய்மரக் கப்பலிலும் வெப்பக் கடலைக் கடந்து மீனைக் கொண்டுவருவது எப்படி? விடை முட்டையில் இருந்தது. 1864இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்குக் கப்பலில் மீன்முட்டைகளை அனுப்பினார்கள். பாசியில் பொதிந்து, ஐஸ்கட்டிகளுக்கு அடியில் வைத்து, மூன்று மாதப் பயணம். முட்டைகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. குளிர் அவற்றைக் கொல்லவில்லை, வளர்ச்சியை மட்டும் மெதுவாக்கியது. 10 டிகிரித் தண்ணீரில் வானவில் டிரவுட்டின் முட்டை பொரிக்க ஒரு மாதம் ஆகும். இன்னும் குளிராக இருந்தால் இன்னும் அதிக நாள். அந்த நாள்களைத்தான் கப்பல் பயணத்துக்குக் கடன் வாங்கினார்கள்.

எச்.சி.வில்சன் என்பவர் 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் நீலகிரியில் டிரவுட் நிலைத்தது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த வானவில் டிரவுட் இங்கே வேர்விட்டது. பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும் அழகான மீன். அந்தப் பொரிப்பகம் இப்போது தமிழ்நாடு மீன்வளத் துறையிடம் இருக்கிறது.

இங்கே என் மனதில் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். டிரவுட் அழகுதான், ஆனால் அது வலிய அழைத்து வந்த விருந்தாளி. நியூசிலாந்தில் அது உள்ளூர்ச் சிறுமீன்களைக் குறைத்துவிட்டது. அமெரிக்காவின் சியரா நெவாடா மலை ஏரிகளில் அதை விட்ட பிறகு அங்கிருந்த தவளைகள் காணாமல் போயின. நம் சமவெளிக்கு வந்த விருந்தாளிகளையும் பாருங்கள். நம் ஏரிகளில் மண்டிக் கிடக்கும் ஜிலேபிக் கெண்டை 1952இல் இந்தியாவுக்குள் வந்த ஆப்பிரிக்க மீன். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்க நம் நாட்டில் தடையே இருக்கிறது. ஆனாலும் அது ஏரிகளுக்குள் புகுந்துவிட்டது. அதனால் ‘நம் ஆற்றில் டிரவுட் இல்லையே’ என்று நான் ஏங்கவில்லை. நம் ஆற்றில் இருக்கிற மீன்கள் டிரவுட்டால் கனவிலும் முடியாத காரியங்களைச் செய்கின்றன.

விராலை எடுத்துக்கொள்வோம். தண்ணீரில் ஆக்சிஜன் குறைவா? அது கவலைப்படுவதில்லை. மேலே வந்து வாயைத் திறந்து ஒரு வாய்க் காற்றை எடுத்துக்கொண்டு கீழே போய்விடும். அதன் தலைக்குள் செவுளுக்கு மேலே காற்றை வாங்கி வைக்க ஓர் அறை இருக்கிறது. வளர்ந்த விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. மேலே வரவிடாமல் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி வைத்தால் மூச்சுத் திணறிச் செத்துவிடும். தண்ணீரில் மூழ்கிச் சாகிற மீன்! ஏரி வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்கவும் அதற்குத் தெரியும். மேலே வரும் பழக்கம்தான் ரப்பர் தவளைக்காரர்களுக்கும் உதவுகிறது. விரால் மூச்சுவிட்ட இடத்தில் ‘பொளக்’ என்று ஒரு வட்டம் தோன்றும். அதற்குச் சற்று முன்னால் தவளையை வீசுவார்கள்.

தேளி மீனுக்குச் செவுளறையிலிருந்து முதுகுப் பக்கமாக வால்வரை நீளும் இரண்டு காற்றுப் பைகள் உண்டு. பனையேறிக் கெண்டைக்குத் தலைக்குள் மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு. ஈரத்தரையில் செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஊன்றி அது ஒரு குட்டையிலிருந்து அடுத்த குட்டைக்கு நகர்ந்து போகும். 1791இல் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, குளக்கரைப் பனைமரத்தில் இந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதினார். 1797இல் அது லண்டனில் அச்சாகி, ஐரோப்பாவே வாய் பிளந்தது. பனையில் உண்மையிலேயே ஏறியதா, பறவை கொண்டுபோய்ப் போட்டதா என்று அதற்குப் பிறகு நீண்ட விவாதம் நடந்தது. தரையில் நடப்பதைப் பற்றி மட்டும் யாருக்கும் ஐயமில்லை.

டிரவுட்டின் ஆறு ஆண்டு முழுக்க ஓடும். நம் ஆறுகள் அப்படியல்ல. தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறந்து, சாத்தனூர் அணையைக் கடந்து, விழுப்புரம் மாவட்டத்துக்குள் நுழைந்து, கடலூர் அருகே கடலில் சேர்கிறது. செஞ்சி மலைப்பகுதியில் பிறக்கும் வராக நதி வீடூர் அணை வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறது. அங்கே அதற்குச் சங்கராபரணி என்று பெயர். ஆண்டின் பெரும்பகுதி இரண்டும் மணலாகவே கிடக்கும். வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வரும். சில ஆண்டுகளில் கொட்டித் தீர்க்கும். 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது திண்டிவனம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 51 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணை கரை மீறி ஊர்களுக்குள் புகுந்தது. விக்கிரவாண்டி அருகே வராக நதி ரயில் பாலத்தைத் தொட்டு ஓடியதால் ரயில்கள் நின்றன. உங்களில் பலர் அந்த இரவை மறந்திருக்க மாட்டீர்கள்.

அப்படிப்பட்ட வெள்ளத்தில் மீனுக்கு என்ன ஆகும்? கலங்கிய நீரில் கண்ணால் வேட்டையாடும் மீன் பட்டினி கிடக்கும். கெளுத்திக்குக் கவலையில்லை. அதன் மீசை முழுக்கச் சுவை அறியும் மொட்டுகள். இருட்டில் தடவித் தடவியே இரை தேடிவிடும். மிதமான புதுவெள்ளமோ மீன்களுக்குக் கல்யாண அழைப்பு. சூடான பழந்தண்ணீரில் குளிர்ந்த புதுத்தண்ணீர் கலந்ததும் கெண்டையும் கெளுத்தியும் நீரோட்டத்தை எதிர்த்து மேலே ஏறும். ஏரி கோடி போகும் இடத்தில், வாய்க்கால் மடையில், துள்ளித் துள்ளி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏத்து மீன் என்று ஊரே கூடி வலையைப் பிடிக்கும். அவற்றில் பெரும்பாலானவை முட்டையிடப் போகிற மீன்கள். மடை முழுவதையும் வலையால் அடைத்துவிட்டால் அடுத்த ஆண்டு ஏரிக்கு மீன் எங்கிருந்து வரும்?

மழைக்காலத்தில் இன்னொரு காட்சி. தண்ணீர்மேல் செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான பொடிக்குஞ்சுகள் ஒரே கொத்தாக நகரும். அதற்கு நேர் கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். அது விரால் குடும்பம். குஞ்சுக் கொத்தின்மேல் பொய்த்தவளையை வீசினால் காக்க வரும் பெற்றோர் கோபத்தில் கவ்விவிடும். சிலர் இப்படிப் பிடிக்கிறார்கள். செய்யவே கூடாத வேலை. பெற்றோர் போன மறுநிமிடமே மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்றுவிடும். உங்கள் வீட்டு அண்ணன் தூண்டில் எடுத்துப் போனால் இதைச் சொல்லுங்கள்.

வெள்ளம் வடிந்து தை, மாசியில் தண்ணீர் தெளியும். பங்குனிக்குப் பிறகு ஆற்றில் அங்கங்கே மடுக்கள் மட்டும் மிஞ்சும். மேலே சூடாகவும் அடியில் சற்றுக் குளிர்ந்தும் இருப்பதால் மீன்கள் மடுவின் ஆழத்துக்கு இறங்கிவிடும். வீடூர் தாத்தா கையை விட்டுப் பார்த்துத் திரும்பியது இதனால்தான். மணலுக்குள் ஒளிந்திருக்கும் ஊற்று நீர் மெல்லக் கசிந்து மடுவை உயிரோடு வைக்கிறது. மணலை அள்ளிவிட்டால் அந்தச் சேமிப்பும் போய்விடும், மடுவும் மீனும் அதோடு போகும்.

கோடையில் ஒரு நாள் விடியுமுன் எழுந்து, அப்பாவையோ தாத்தாவையோ அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போங்கள். திண்டிவனத்துப் பிள்ளைகள் கிடங்கல் ஏரிக்குப் போகலாம். மீன்கள் மேலே வந்து வரிசையாக வாய் பிளந்து நிற்கிறதா என்று பாருங்கள். பகலில் பாசியும் செடியும் வெயிலில் உணவு தயாரித்து ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் உணவு தயாரிப்பு நின்றுவிடும், ஆனால் மூச்சுவிடுவது நிற்காது. மீன், செடி, அடியில் அழுகும் குப்பை எல்லாம் சேர்ந்து இரவெல்லாம் ஆக்சிஜனைச் செலவழிக்கும். அதனால் விடியுமுன்தான் இருப்பு மிகக் குறைவு. சாக்கடை கலந்து பாசி மண்டிய குளத்தில் ஒரே இரவில் மீன்கள் செத்து மிதப்பது பெரும்பாலும் இப்படித்தான். யாரோ விஷம் வைத்தார்கள் என்று ஊரில் பேச்சு கிளம்பும். பல நேரம் விஷமே இருக்காது, மூச்சுதான் இருந்திருக்காது.

மேஃப்ளையை மறந்துவிடவில்லையே? ஓடும் வாய்க்காலில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். பின்னால் இரண்டு மூன்று நீண்ட வால்நூல்களும், வயிற்றின் இருபுறமும் படபடக்கும் இலைபோன்ற செவுள்களும் கொண்ட பொடிப்பூச்சி இருந்தால் அது மேஃப்ளைக் குஞ்சு. பல வகை மேஃப்ளைகள் ஒரே இடத்தில் இருந்தால் அந்தத் தண்ணீருக்கு நல்ல மூச்சு இருக்கிறது. மணலையும் குச்சியையும் ஒட்டிக் குழாய்போல வீடு கட்டி உள்ளே குடியிருக்கும் புழு கிடைத்தாலும் நல்ல செய்தி. வெறும் சிவப்புப் புழுக்கள் மட்டுமே சேற்றில் நெளிந்தால் தண்ணீர் திணறுகிறது என்று பொருள். அந்தப் புழு சிவப்பாக இருக்கக் காரணம், நம் இரத்தத்தில் இருப்பதுபோன்ற ஹீமோகுளோபின். கொஞ்சம் கிடைக்கும் ஆக்சிஜனையும் இறுகப் பிடித்துக்கொள்ள அது அதற்கு உதவுகிறது. தும்பியின் குஞ்சு கிடைத்தால் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். கீழ் உதட்டை ஈட்டிபோல் நீட்டிக் கொசுப்புழுவைப் பிடித்துத் தின்னும் நம் நண்பன் அது.

கரையில் நடக்கும்போது மெல்ல நடங்கள். கரையில் நீங்கள் பேசுவது மீனுக்கு அவ்வளவாகக் கேட்காது, காலடி அதிர்வு தெரியும். உடலின் இரு பக்கமும் தலையிலிருந்து வால்வரை ஓடும் கோட்டில் அதிர்வை உணரும் உறுப்புகள் வரிசையாக இருக்கின்றன. உங்கள் நிழல் தண்ணீரில் விழுந்தாலும் ஓடிவிடும்.

நீரோட்டத்தின் வேகத்தையும் கரையில் நின்றே அளக்கலாம். வாய்க்கால் கரையில் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சி நடுங்கள். முதல் குச்சிக்கு நேராக ஒரு காய்ந்த தேங்காய் மட்டைத் துண்டைப் போட்டு, இரண்டாம் குச்சியை அடைய எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுங்கள். 20 வினாடி என்றால் வினாடிக்கு அரை மீட்டர் வேகம்.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து ‘ஆற்று நிலவரம்’ என்று எழுதுங்கள். தேதி, நேரம், தண்ணீரின் சூடு, தெளிவா கலங்கலா, ஓட்டத்தின் வேகம், கண்ட பூச்சி, கண்ட மீன். வாரம் ஒரு நாள் போதும். பெரியவர் ஒருவர் துணையில்லாமல் போகாதீர்கள். மணல் அள்ளிய ஆற்றில் மேலே முழங்கால் தண்ணீர்போலத் தெரிந்து, அடுத்த அடியில் ஆளை விழுங்கும் பள்ளம் இருக்கும். வெள்ளக் காலத்தில் கரைப் பக்கமே வேண்டாம். அணையில் தண்ணீர் திறப்பதாக அறிவிப்பு வந்த நாளில் நோட்டில் அந்த அறிவிப்பை மட்டும் எழுதினால் போதும்.

ஐப்பசியில் முதல் புதுத்தண்ணீர் வரும் நாளில் உங்கள் நோட்டின் முதல் பக்கத்தைத் தொடங்குங்கள். அடுத்த ஐப்பசியில் அதே கரையில் நின்று இரண்டு பக்கங்களையும் சேர்த்து வைத்துப் படித்துப் பாருங்கள்.